கன்டெய்னர் நின்றால் கட்டணம் உண்டு... டிரைவர் நின்றால்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அடுத்த முறை போகும்போது, கார் கண்ணாடி வழியாக மின்கம்பங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘பேச்சிலர் ரூம்’, ‘ஆந்திரா மெஸ்’ நோட்டீஸ்களுக்கு நடுவே ‘ஹெவி டிரைவர் உடனடித் தேவை’ என்கிற நோட்டீஸும் கண்ணில் படும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி உரிமையாளர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டீசல் விலை, டோல், இன்ஷூரன்ஸ் என்று புலம்பிவிட்டுக் கடைசியில் இதில்தான் வந்து நிற்பார். “வண்டி ஷெட்டுல சும்மா நிக்குதுங்க... டிரைவர் கிடைக்கல!”

ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. ‘இப்ப இருக்குற பசங்களுக்கு உடம்பு வளையாது. ஏ.சி ரூம், கையில செல்போன் இருந்தா போதும்.’

இந்தப் பதிலை நான் நம்பவில்லை. அதே பசங்கள்தான் மழையிலும் வெயிலிலும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் பிரியாணியோடு நிற்கிறார்கள். கம்பெனி பஸ் ஓட்டுகிறார்கள், ஜே.சி.பி ஓட்டுகிறார்கள். உடம்பு வளையாமலா இதெல்லாம் நடக்கிறது? லாரி வேலையில் அவர்களைத் துரத்துவது வேறு ஒன்று. ஓட்டுகிற நேரத்தை விட நிற்கிற நேரம் அதிகம், அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

நின்றால் யாருக்கு எவ்வளவு?

சென்னைத் துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் டிரெய்லர் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆனால், துறைமுக கேட்டுக்கு முன்னால் ஒரு வரிசை, உள்ளே யார்டில் கிரேனுக்காக ஒரு காத்திருப்பு, எடை மேடையில் ஒரு வரிசை. நகருக்குள் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், தடை நீங்குகிறவரை புறநகரில் ஒதுங்கி நிற்க வேண்டும். தொழிற்சாலை வாசலுக்குப் போனதும் டோக்கன் வாங்கி, கூப்பிடும்வரை மறுபடியும் வெளியே நிற்க வேண்டும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு பகலும் இரவும் போவது இந்தத் தொழிலில் ஆச்சரியமே இல்லை.

இப்போது இந்தப் பயணத்தில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கப்பல் நிற்க வேண்டியதாகிவிட்டால் அதற்கு ஒரு கட்டணம் உண்டு, ‘டெமரேஜ்’ என்பார்கள். காலி கன்டெய்னரைக் குறித்த நாளுக்குள் திருப்பித் தராவிட்டால், கப்பல் கம்பெனி நாளுக்கு இவ்வளவு என்று ‘டிடென்ஷன்’ போட்டுவிடும். சரக்கு யார்டில் கூடுதல் நாள் கிடந்தால் அதற்கும் வாடகை. லாரி நின்றால்கூட ‘ஹால்டிங்’ என்று ஒரு தொகை உண்டு. பேசும்போது எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், பில் போடும்போது பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஆனாலும், கேட்கவாவது ஒரு பெயர் இருக்கிறது!

டிரைவருக்கு? அவருக்கு நடைக்கு இத்தனை, அல்லது வாடகையில் இத்தனை சதவிகிதம் என்றுதான் பேச்சு. மாதச் சம்பளம் இருந்தாலும், கையில் மிஞ்சுகிற காசு பேட்டாவில்தான் இருக்கிறது. கணக்குக்காக ஒரு நடைக்கு 1,000 ரூபாய் பேட்டா என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு நடை போனால் மாதம் 26,000 ரூபாய். கேட்டில் நின்று நின்று இரண்டு நாளைக்கு ஒரு நடை ஆனால் 13,000 ரூபாய். வண்டியும் அதேதான், ஓட்டுகிறவரும் அவரேதான், தூரமும் மாறவில்லை. பாதிச் சம்பளம் மட்டும் எங்கே போனது? வரிசையில் போனது. அந்த நாள்களிலும் சாப்பாடும் டீயும் அவர் கைக்காசில்தான். இரும்புப் பெட்டி நின்றால் மணி அடிக்கிற மீட்டர், அதை இழுத்து வந்த மனிதர் நின்றால் ஓடுவதே இல்லை.

இதில் யாரும் தனியாக வில்லன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலைக்கு உள்ளே இடம் குறைவு, அன்றன்றைக்குத் தேவையான உதிரிபாகம் அன்றன்றைக்கு வந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, குடோன் வாடகையை மிச்சப்படுத்த, வெளியே நிற்கிற லாரியே குடோன் ஆகிவிடுகிறது. நின்றால் காசு தர வேண்டும் என்கிற நிலை வந்திருந்தால், வண்டியை உள்ளே விட இவ்வளவு யோசித்திருப்பார்களா? இலவசமாகக் கிடைக்கிற பொருளை யாராவது சிக்கனமாகச் செலவு செய்வார்களா, சொல்லுங்கள்.

தூண்கள் மட்டும் நின்ற சாலை

சென்னைக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பின் நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. கூவம் கரையோரமாகப் பாலமே இல்லாமல் நின்ற அந்தத் தூண்கள்! துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை போட 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். கன்டெய்னர் லாரிகள் நகரத்தைத் தொடாமல் நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடும் என்றார்கள். 2012-ல் வேலை நின்றது. பத்து வருடம் கழித்து, 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல், இந்த முறை இரண்டடுக்குச் சாலையாக. அதே நாளில் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் லாரி, ரயில் இரண்டும் சந்திக்கிற பெரிய சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் அடிக்கல் நாட்டிய வருடம் கிளீனராக ஏறிய பையன், சாலை முடிவதற்குள் நடுத்தர வயதைத் தொட்டுவிடுவார்.

இதற்கு நடுவே நகரம் காத்திருக்கவில்லை. எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை, செங்குன்றம் பக்கம் வரிசையாகக் கிடங்குகள் என்று சென்னை எல்லாத் திசையிலும் வீங்கிவிட்டது. ஒரு வேடிக்கை தெரியுமா? அசோக் லேலண்ட் லாரிகள் எண்ணூரில் பிறக்கின்றன, பாரத் பென்ஸ் லாரிகள் ஒரகடத்தில் பிறக்கின்றன. லாரி கட்டுகிற ஊரிலேதான் லாரி ஓட்டுகிறவருக்கு நிழலாக நிற்க இடம் இல்லை. மாதவரத்தில் லாரி முனையம் இருக்கிறது, சரி. ஆனால், தொழிற்சாலைகள் இருக்கிற சாலைகளில் ராத்திரி போய்ப் பாருங்கள். ஓரமாக நிற்கிற டிரெய்லர்களுக்குக் கீழேதான் ஸ்டவ் எரியும். கழிவறைக்கு? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘டிரைவர்களுக்கு அனுமதி இல்லை’ என்பது உள்ளே இருக்கிற கழிவறைக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் இருக்கிறது... உங்களுக்கு இல்லை!

‘இதையெல்லாம் கேட்கச் சட்டமே இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். 1961-லேயே வந்துவிட்டது, மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொலைதூர வண்டி என்றால் 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், ஐந்து தொழிலாளர்களாவது வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். நம் ஊரில் லாரித் தொழில் என்பதே ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்களின் தொழில். நகையை வைத்து முன்பணம் கட்டி, ஃபைனான்ஸில் வண்டி எடுத்து, சில சமயம் தானே ஸ்டியரிங் பிடிக்கிற ஆள்தான் இங்கே ‘ஓனர்’. அவர் வண்டியில் ஓடுகிற டிரைவர் அந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியேதான் நின்றார். பிறகு 2020-ல் பழைய தொழிலாளர் சட்டங்களையெல்லாம் சுருட்டி, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்தது. அதில் ஐந்து என்ற எண் பத்து ஆகிவிட்டது. வாசல் இன்னும் தள்ளிப் போயிருக்கிறது.

விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-ல் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால், ஓட்டுகிற நேரத்தை மட்டும் எண்ணினால், பத்து மணி நேரம் வரிசையில் தூங்காமல் நகர்ந்து நகர்ந்து வந்தவருக்கு அதன் பிறகுதான் ‘டியூட்டி’ ஆரம்பிக்கும். காத்திருப்பும் வேலைதான் என்று முதலில் எழுத வேண்டும்.

அரசாங்கத்துக்கு ஒரு நாளில் லாரி எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல் இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு ஈ-வே பில் எடுக்க வேண்டும் அல்லவா? அந்த பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். சென்னையிலிருந்து மும்பை ஏறக்குறைய 1,330 கிலோமீட்டர். பில் கணக்குப்படி ஏழு நாள் அவகாசம். சரக்கு அனுப்புகிறவரிடம் ஏழு நாள் என்று சொல்லிப் பாருங்கள், போனை வைத்துவிடுவார். மூன்றாவது நாள் காலை அங்கே நிற்க வேண்டும் என்பதுதான் பேச்சு. 2017-ல் ஜி.எஸ்.டி வந்து மாநில எல்லையில் வணிக வரி செக்போஸ்ட்கள் போயின. 2021-ல் ஃபாஸ்டேக் கட்டாயமாகி டோல் வரிசை குறைந்தது. இரண்டும் நல்ல மாற்றங்கள், மறுக்க முடியாது. ஆனால், வழியில் மிச்சமான நேரம் டிரைவரின் தூக்கத்துக்குப் போகவில்லை. ‘சீக்கிரம் வந்துடுவல்ல?’ என்கிற புதிய கெடுவாகத்தான் மாறியது. 2018-ல் லாரி ஏற்றலாம் என்ற எடை வரம்பையும் கூட்டினார்கள். நடைக்கு இத்தனை என்று பேட்டா வாங்குகிறவருக்கு, கூடுதலாக ஏறின டன்களால் தானாக ஒரு ரூபாய்கூடக் கூடாது.

காணாமல் போன கிளீனர்

டிரைவர் பற்றாக்குறைக்கு இன்னொரு காரணம் உண்டு. அதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதே இல்லை. உங்கள் சின்ன வயதில் பார்த்த லாரிகளை நினைத்துப் பாருங்கள். இடது பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு, ‘வரலாம் வரலாம்... போலாம் ரைட்’ என்று ரிவர்ஸ் பார்க்கிற ஒரு பையன் இருப்பான். டயர் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, கண்ணாடி துடைப்பது, குழம்பு வைப்பது, டிரைவர் கண் அசந்தால் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. வசவும் அடியும் வாங்கியிருப்பான், அது வேறு விஷயம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், அந்தப் பையன்தான் மூன்று நான்கு வருடத்தில், ராத்திரி காலிச் சாலையில் ஸ்டியரிங்கைத் தொட்டு, மெல்ல மெல்ல டிரைவர் ஆனான். நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் தனியாக டிரைவிங் ஸ்கூல் தேவைப்படவில்லை. ஒவ்வொரு லாரியும் ஒரு ஸ்கூலாக இருந்தது.

வாடகை கட்டுப்படியாகாதபோது ஓனர்கள் முதலில் கை வைத்தது கிளீனர் சம்பளத்தில்தான். இப்போது பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் தனி ஆள். லோடு இறக்கும்போது எண்ணுவதும் அவரே, தார்ப்பாய் மேல் ஏறுவதும் அவரே, ராத்திரி டீசல் திருடு போகாமல் காவல் இருப்பதும் அவரே. அன்றைக்கு மிச்சப்படுத்திய சம்பளத்துக்கு இன்றைக்கு வட்டி கட்டுகிறார்கள். நாற்று விடாமல் நடவுக்கு ஆள் தேடினால் எப்படி? வட மாநிலத்திலிருந்து டிரைவர்களை அழைத்து வருகிறார்கள். அவர்களும் இதே வரிசையில்தான் நிற்கப்போகிறார்கள்.

சரி, நல்லது எதுவுமே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி கட்டாயம். மே மாதம் ஆந்திராவில் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால், இன்ஜின் ஓடினால்தான் ஏ.சி ஓடும். வரிசையில் நிற்கும்போது ஏ.சிக்காக டீசல் எரிக்க எந்த ஓனர் விடுவார்? ஓடும்போது குளிரும், நிற்கும்போது வேகும்! நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு முதல் கட்டமாக 1,000 ஓய்வு மையங்கள் கட்டப்போவதாக 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். ஓய்வு அதிகம் தேவைப்படுகிற இடம் நெடுஞ்சாலையின் நடுவில் மட்டும் இல்லை. துறைமுக கேட்டிலும் தொழிற்சாலை வாசலிலும்தான்.

‘இடித்துவிட்டு ஓடினால் பத்து வருடம் வரை சிறை’ என்ற புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைப்படுத்தாமல், மற்றவற்றை அந்த ஜூலையில் கொண்டுவந்தார்கள். ‘நின்றால் கூட்டம் அடிக்கும், போனால் சட்டம் பிடிக்கும்’ என்கிற பயம் இன்னும் போகவில்லை.

குட்டி யானையின் ஊர்

ஆக, பசங்கள் எங்கே போகிறார்கள்? ராத்திரி வீட்டுக்கு வருகிற வேலைக்குப் போகிறார்கள். வளர்கிற நகரம் ஒரு பக்கம் பெரிய லாரியை வாசலில் நிறுத்தி வைக்கிறது, இன்னொரு பக்கம் சின்ன வண்டிக்கு வேலையை அள்ளிக் கொடுக்கிறது. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நாம் ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயர் வைத்தோம். இன்று கிடங்கிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று ஊருக்குள் ஓடும் சரக்கில் பெரும் பங்கு இந்த மாதிரி வண்டிகளில்தான். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை, சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. கதவு இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது.

கல்யாணப் பேச்சிலும் இதுதான் ஓடுகிறது. ‘லைன் வண்டி’ டிரைவர் என்றால் பெண் வீட்டார் யோசிக்கிறார்கள். ‘லோக்கல்தானே ஓட்டுறாரு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவாரு’ என்றால் முகம் மலர்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. போன் எடுத்தால் ‘கேட்டுலதான் நிக்கிறேன்’ என்று மூன்றாவது நாளும் சொல்கிற மாப்பிள்ளையை யார் விரும்புவார்கள்?

ஆனால், அந்த லோக்கல் வண்டியிலும் இதே நோய் எட்டிப் பார்க்கிறது. ஆப்பில் வருகிற ஆர்டருக்கு ஓடின கிலோமீட்டருக்குத்தான் காசு. அடுத்த ஆர்டர் வரும்வரை மரத்தடியில் நிற்கிற நேரம் யார் கணக்கிலும் இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பையன் ஹெவி லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். கை சுத்தமான, வண்டி தெரிந்த டிரைவருக்கு இன்று பேரம் பேசுகிற பலம் இருக்கிறது. முன்பு இருந்த எட்டாம் வகுப்புத் தேர்ச்சி நிபந்தனை 2019-லேயே போய்விட்டது. 20 வயது ஆகியிருக்க வேண்டும், இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. முதல் வண்டியில் ஏறும்போதே பதிந்துவிடச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேரும்போது ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். ‘24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங்கில் எனக்கு எவ்வளவு?’, ‘ஈ-சலான் வந்தால் யார் கட்டுவது?’, ‘இறக்குற இடத்தில் சரக்குக் குறைந்தால் யார் தலையில்?’ என்று மூன்றையும் ஓனர் முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று. கேட் பாஸில் உள்ளே போன நேரம் இருக்கும், வெளியே வந்த நேரம் இருக்கும். அதற்கு முன்னால் சாலையோரத்தில் நின்ற பதினாறு மணி நேரம் எந்தச் சீட்டிலும் ஏறாது. வரிசையின் வாலில் போய் நின்றவுடன், முன்னால் இருக்கிற வண்டியின் நம்பர் தெரிய நேரத்தோடு ஒரு போட்டோ எடுத்து, ஓனருக்கும் புக்கிங் ஆபீஸுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடச் சொல்லுங்கள். ஹால்டிங் பேச்சு வரும்போது கையில் காட்ட அந்த போட்டோவாவது இருக்கும்.